எதுத்த வூட்டுக்கு மாடி இல்லீங்க

வாங்கக்கா, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். இந்த ஃபேனுக்குக் கீழ உக்காருங்க, வெயில் என்ன காச்சு காச்சுது பாருங்க. மோரு கொண்டாந்திருக்கறன், மொதல்ல அதைக் குடிங்க. குடிச்சுட்டு மெதுவாப் பேசிக்கலாம்.

நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாமுங்க. எதுத்த வூட்டுல இருந்து நீங்க வெளிய வந்ததை நான் ஜன்னல்லயே பாத்துட்டனுங்க. புது மொகம். நல்ல பொடவை. வாசல்ல நின்னு எங்க வூட்டை அண்ணாந்து ஒரு பார்வை பாத்தீங்க. அப்பவே தெரிஞ்சு போச்சு, பொண்ணு வூட்டுக்காரங்கன்னு. நம்ம பக்கத்து மொறை அதுதானுங்களே. பையன் வூட்டுக்குப் போயி ஒரு நோட்டம் பாக்கறது, அப்பறம் எதுத்த வூட்டுல நொழைஞ்சு, குடிக்கத் தண்ணி கேக்கற மாதிரிக் கேட்டு மெல்ல விசாரிக்கறது. அந்தப் பூபதிப் பையனைப் பத்தித்தான கேக்க வந்திருக்கீங்க?

இருங்க இருங்க, நான் சொல்லி முடிச்சுடறனே. நான் ஆரைப் பத்தியும் கொறை சொல்ற ஆளில்லை. அதுவும் பங்காளி வூடு. சிகாமணி எனக்கு வேத்தாளா? எங்க வூட்டுக்காரருக்குக் கூடப் பொறந்த தம்பி, எனக்குக் கொழுந்தனாரு. அவம் பொண்டாட்டி எனக்கு ஓரகத்தி. பேபின்னு பேரு. அம்பது வயசுக்கு மேல ஆகியும் பேபிதான். ஒரே தோட்டத்தைப் பாகம் பிரிச்சு, நடுவுல வண்டித்தடம் விட்டு, இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. தண்ணி, கரண்ட்டு எல்லாம் சரிபாதி. அதனால ஒரு பொல்லாப்புமில்லாம உள்ளதை உள்ளபடி சொல்றனுங்க. ஒரு பொண்ணோட வாழ்க்கை பாருங்க, மறைக்கக் கூடாது.

மொதல்ல வூட்டைப் பாத்தீங்கல்ல? அதை ஒரு வூடுன்னு சொல்லுவீங்களா நீங்க? நீட்டமா, குட்டையா, கோழிப்பண்ணையாட்டம். சத்தியமாச் சொல்றன், போன மாசம் ஒருத்தன் வண்டியை நிறுத்தி, 'ஏனுங்க, முட்டை மொத்தமாக் குடுப்பீங்களா'ன்னு கேட்டுட்டுப் போனானாம். எங்க வூட்டுக்காரரே வந்து சொன்னாரு. அவரு சிரிக்கறாரு, எனக்கு மானம் போவுது. என்ன இருந்தாலும் ஒரு கொப்புல கெளைச்சவங்க பாருங்க.

ரெண்டு வூடும் ஒரே சமயத்துல கட்டினதுதானுங்க. பழைய ஓட்டு வூட்டை இடிச்சுட்டு, ஒரே இஞ்சினியரை வெச்சு, ஒரே நாள்ல கடக்கால் போட்டம். அந்த இஞ்சினியருப் பையன் படத்தைக் கொண்டாந்து விரிச்சான். நாங்க நாலு பேரும் சுத்தி உக்காந்திருக்கறம். அவன் எடுத்ததுமே என்ன சொன்னான் தெரியுமுங்களா? 'இத்தனை எடம் இருக்குதுங்களே, தரையிலயே அகலமாக் கட்டிக்கலாமுங்க, மாடி எதுக்கு'ன்னான். படிச்சவன் பேசற பேச்சா அது? எடமில்லாதவன் மாடி கட்டறது கதியத்து. எடத்தை வெச்சுக்கிட்டு மாடி கட்டினாத்தான அது மாடி? நான் அதைத்தான் கேட்டன். அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு எங்க வூட்டுக்காரரைப் பாத்தான். எங்க வூட்டுக்காரரு எப்பவும் போல தரையைப் பாத்தாரு. அப்பறம் மெதுவா, 'ருக்குமணி, இருக்கறது மூணு பேரு, மொழங்கால் வேற இப்பவே வலிக்குது, நமக்கெதுக்கு மாடி'ன்னாரு. நீங்க சும்மா இருங்கன்னு சொல்லிட்டன்.

மாடி எதுக்குன்னா, பையனுக்குப் பொண்ணு வேணுமுங்க. உங்களுக்குத் தெரியாததா? இந்தக் காலத்துல நம்ம சனத்துல பொண்ணு எங்க கெடைக்குது? தோட்டம் இருக்குதா, கார் இருக்குதா, மாடி வூடு இருக்குதான்னு கேட்டுட்டுத்தான் பையன் பேரையே கேக்கறாங்க. ரோட்டுல கார்ல வாறப்பவே வூடு தெரியோணும். 'அதா அந்த மாடி வூடு'ன்னு கையைக் காட்டோணும். அதுக்குத்தான் இத்தனை செலவும். ஆனை படுத்தாலும் குதிரை மட்டம்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி நாளைக்குப் பொழப்புக் கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாக்கூட, மாடி நிக்குமில்லீங்களா?

சிகாமணி அப்பத்தான் வாயைத் தொறந்தான். 'எங்களுக்குத் தரையோட போதுமுங்க அண்ணி'ன்னான். ஏன்டான்னு கேட்டா பொண்டாட்டி மூஞ்சியைப் பாக்கறான். அவ சொல்றா, 'ஒரே தரையில இருந்தா ஒருத்தரு மொகத்தை ஒருத்தரு பாத்துட்டு இருக்கலாமுங்க அக்கா.' மொகத்தைப் பாத்துட்டு இருக்கறாளாம். மொகத்தைப் பாக்கறதுக்கு ஒரு வூடு கட்டறவளை நான் அன்னிக்குத்தான் பாத்தன்.

சரி, ஒத்தைத் தளமாவே கட்டித் தொலையட்டும். அதையாச்சும் முழுசாக் கட்டினாளா? மொட்டை மாடியைப் பாத்தீங்களா? தூணுக்குத் தூணு கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது. துருப் புடிக்காம இருக்கக் கம்பிக்குக் கம்பி காலி பாட்டலைக் கவுத்து வெச்சிருக்கறாங்க. காத்தடிச்சா லொட லொடன்னு ஒரே சத்தம், எனக்கு மத்தியானத் தூக்கமே போச்சு. என்னத்துக்குடி இந்தக் கம்பியை இப்படி உட்டு வெச்சிருக்கறேன்னு கேட்டன். 'வர்ற புள்ளைக்கு மாடி வேணுமோ வேண்டாமோ, அது வந்து பாத்து, அது இஷ்டப்படி சொல்லட்டுமுங்க அக்கா, அப்பக் கட்டிக்கலாம்'ங்கறா. கேட்டீங்களா கதையை? வராத மருமவ வந்து பிளான் போடுவாளாம். மாமியான்னு இவ எதுக்கு இருக்கறா?

அதோட போச்சா? சமையக்கட்டுக்குள்ள போனீங்களா? போயிருக்க மாட்டீங்க, போனா சிரிச்சிருப்பீங்க. அங்க மேடையே கெடையாதுங்க. பழைய மேசை மேல கேஸ் அடுப்பைத் தூக்கி வெச்சு ஆக்கிட்டு இருக்கறா. ஏன்னு கேட்டா, 'நான் குட்டை, எம்பட ஒசரத்துக்குக் கட்டினா வர்ற புள்ளை காலம் பூரா குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு வலியில சாவோணும், அது வரட்டும், அளந்து போட்டுக்கலாம்'ங்கறா. மேஸ்திரி கல்லை அறுத்து வெச்சுட்டு நிக்கறான், இவ அளவு சொல்ல மாட்டேங்கறா. அந்தக் கல்லு இன்னுமும் மாட்டுக் கொட்டாயில சாஞ்சு நிக்குது. மூளை இருக்கற பொம்பளை பண்ற காரியமா இது?

என்னக்கா, மோரைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே பாக்கறீங்க? குடிங்க. நான் பொய் சொல்லலை.

இன்னும் கேளுங்க. மருமவளுக்குன்னு ஒதுக்கின ரூமுக்குப் பின்னால தனியா ஒரு வாசல் வெச்சிருக்கறாங்க. தனி வாசல். அது எதுக்குங்க? மாமியாளுக்குத் தெரியாம அவ பாட்டுக்கு வாறதுக்கும் போறதுக்குமா? வாய் தொறந்தே கேட்டுட்டன். 'அதும்பட சிநேகிதிங்க, அப்பனாத்தா ஆராச்சும் வந்தா நம்மளைத் தாண்டித் தாண்டிப் போயிட்டு இருக்கோணுமா, கூச்சமா இருக்குமில்லீங்களா அக்கா'ங்கறா. கூச்சமாம். ஜன்னலோரமா வேற கல்லைப் போட்டு மேசை கட்டி, கம்ப்யூட்டர் வெக்கறதுக்குப் பிளக்குப் பாயிண்ட்டு. வர்றவ வூட்டுல உக்காந்துட்டே வேலை பாத்தாலும் பாப்பாளாம். அப்பறம் மாட்டுக்குத் தீனி ஆரு போடுவான்னன். பூபதி முந்திக்கிட்டு, 'நான் போட்டுக்கறனுங்க பெரியம்மா, இத்தனை நாளா ஆரு போட்டாங்க'ங்கறான். அவன்தான் அந்த வூட்டுல டீ போடறது, தெரியுமுங்களா உங்களுக்கு? முப்பத்தொரு வயசுப் பையன், காலம்பர எந்திரிச்சு ஆத்தாளுக்கு டீ போட்டுக் கொண்டு போயிக் குடுக்கறான். நீங்க வந்ததுக்கும் அவன்தான போட்டுக் கொண்டாந்தான்? எனக்குத் தெரியும். ஆம்பளைன்னா ஒரு கெத்து வேண்டாமுங்களா?

எங்க வூட்டைப் பாருங்க, இங்க இருந்தே பாருங்க. மாடிப்படி எங்க இருக்குது? ஹாலுக்கு நடுவால. அந்த இஞ்சினியரு வெளிப்பக்கமா வெக்கலாம்னான். நான் உடலை. வெளிய படி வெச்சா மேல இருக்கறவ ஏறறதும் எறங்கறதும் ஆருக்குத் தெரியும்? படிக்குக் கீழதான் எம்பட கட்டிலு. எங்கண்ணுல படாம இந்த வூட்டுல ஒரு பூனை மேல போவ முடியாது. மேல ரெண்டு ரூமு, பெரிய பால்கனி, கண்ணாடி வெச்ச கைப்பிடி. ஆனாக் குழாய் வெக்கலை. பாத்ரூமுங்கூடக் கீழதான். அந்தப் பையன் ஒரு சிங்க்காச்சும் வெச்சுக்கலாமுங்கன்னு கெஞ்சினான். இன்னிக்கு சிங்க் வெச்சா நாளைக்கு அடுப்பு வரும், நாளான்னிக்குத் தனிச் சமையலு வரும், அதுக்கு அடுத்த நாளு 'அவங்க கீழ, நாங்க மேல'ன்னு பேச்சு வரும். ஒலை ரெண்டானா குடும்பம் ரெண்டு. எத்தனை பேரு பொழப்பைப் பாத்திருக்கறன் நானு. தண்ணி வேணுமா, கீழ எறங்கி வா. துணி தொவைக்கோணுமா, கீழ எறங்கி வா. மருமவன்னா மாமியா கண்ணு முன்னால பொழங்கோணும். ஒரு நாளைக்குப் பத்து வாட்டி ஏறி எறங்கினா ஒடம்புக்கும் நல்லதுதானுங்க.

பால் காச்சினன்னிக்கு ஒரு கூத்து நடந்துது. ரெண்டு வூட்டுக்கும் ஒரே முகூர்த்தம். ஒறம்பரை, சொந்தக்காரங்க அத்தனை பேரும் நேரா இங்கதான் வந்தாங்க. மாடி ஏறிப் பாத்தாங்க, பால்கனில நின்னு ஃபோட்டோ எடுத்தாங்க, பந்தியில உக்காந்து நல்லாச் சாப்பிட்டாங்க. கையைத் தொடைச்சுட்டுப் பாத்தா ஒருத்தரையும் காணம். அத்தனை பேரும் எதுத்த வூட்டுல பாயை விரிச்சுக் கெடக்கறாங்க. கெழடு கெட்டையெல்லாம் காலை நீட்டிக்கிட்டு, கொழந்தைங்க ரூமுக்கு ரூமு ஓடிக்கிட்டு, இவ நடுவுல உக்காந்து வெத்தலை மடிச்சுக் குடுத்துக்கிட்டு. தின்னது இங்க, தூங்கினது அங்க. நன்றி கெட்ட சனமுங்க. எங்க வூட்டுக்காரருகூட இப்ப அங்கதான் கெடக்கறாரு, பாத்திருப்பீங்களே? சாப்பிட மட்டுந்தான் இங்க வருவாரு. மாடிக்கு அவரு ஏறினது அந்த ஒரு நாளு மட்டுந்தான்.

இல்லீங்க, நீங்க சொல்ல வர்றது புரியுது. சித்தெ பொறுங்க. முக்கியமானதை இன்னும் சொல்லலை.

எங்க பையனுக்கு முப்பத்தி நாலு ஆச்சுங்க. யுவராஜ்னு பேரு. திருப்பூர்ல சொந்தமாத் தறி வெச்சிருக்கறான், ஆளு பாக்க ராசா மாதிரி இருப்பான். அவனுக்கு ஒண்ணும் அவசரமில்லை, நாங்கதான் நல்ல எடமாப் பாத்துட்டு இருக்கறம். ஆனா மூத்தவன் இருக்கறப்ப எளையவனுக்கு ஆயிட்டா ஊரு என்ன பேசும், சொல்லுங்க. ஊரு வாயை மூட ஒலைமூடியா இருக்குது? எங்களுக்கும் பொண்ணு வூட்டுக்காரங்க வராம இல்லை. வந்தாங்க, நெறையப் பேரு வந்தாங்க. வருவாங்க, மாடியைப் பாத்து வாயைப் பொளப்பாங்க, பலகாரம் சாப்பிடுவாங்க, போவாங்க. ஒரு வாரங் கழிச்சு ஃபோன் பண்ணினா, 'கோயல்ல பூக் கேட்டமுங்க, நெனச்ச பூ வரலீங்க, சாமி உத்தரவு இல்லீங்க'ம்பாங்க. அம்மன் கோயல், முருகன் கோயல், அவங்கவங்க குலசாமி, ஒரு சாமி பாக்கியில்லை. இந்த ஜில்லாவுல இருக்கற அத்தனை சாமிக்கும் எங்க வூட்டு மேல என்ன கோவம்?

நான் அப்பறந்தான் யோசிச்சன். வர்றவங்க அத்தனை பேரும் எங்க விசாரிப்பாங்க? எதுத்த வூட்டுல. எதுத்த வூட்டுல ஆரு இருக்கறா? அவ. சாமி பூக் குடுக்காம இல்லீங்க. சாமிக்கு முன்னாலயே இவ வேண்டாங்கற பூவைக் குடுத்துடறா. தம் மகனுக்கு எடம் அமையலைன்னு வயித்தெரிச்சல். என்ன சொல்றாளோ, எப்படிச் சொல்றாளோ, எங்களுக்கு வர்ற எடத்தை ஒவ்வொண்ணாக் கலைச்சு உடறது அவதானுங்க. நேர்ல பாத்தா 'அக்கா, அக்கா'ன்னு ஒழுகுவா. தம் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க, அந்த மாதிரிப் பொம்பளை.

ஒரு பொண்ணு மட்டும் மாடிக்கே ஏறிப் போயிப் பாத்துதுங்க. தாராவரத்துப் பக்கம், என்னமோ பெரிய படிப்பு. மேலயெல்லாம் சுத்திப் பாத்துட்டு எறங்கி வந்து, நேரா எங்கிட்ட, 'அத்தை, மேல தண்ணி வராதுங்களா'ன்னு கேட்டுது. பொண்ணு பாக்கற அன்னிக்கே கேள்வி. பெரியவங்க உக்காந்திருக்கறாங்க, அப்பன் இருக்கறான், ஆத்தா இருக்கறா, இது கேக்குது. தண்ணி கீழதான் அம்மிணி, வேணுங்கறவங்க எறங்கி வரோணும்னு சொன்னன். சிரிச்சுட்டுத்தான் சொன்னன். அதும் பூ வரலைன்னுட்டாங்க. யுவராஜு அந்தப் பொண்ணை நெனச்சு வெச்சிருந்தான் போல. அன்னில இருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை நல்லாப் பேசறதில்லைங்க. சாயந்தரம் வருவான், தட்டுல சோத்தைப் போட்டுக்குவான், அந்தப் படியில ஏறி மேல போயிருவான். மேல என்ன இருக்குதுங்கறீங்க? ரூமுல வெங்காயம் போட்டு வெச்சிருக்கறம், வெலை ஏறட்டும்னு. கிரானைட்டுத் தரையில வெங்காயத்தைப் பரப்பி, அதுக்கு நடுவுல உக்காந்து தனியாச் சாப்பிடறான் எம்பட பையன். நான் இங்க கட்டில்ல உக்காந்து மேல பாத்துட்டு இருப்பன். வயிறு பத்தி எரியுதுங்க அக்கா. பெத்தவளுக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

சரி, அது எங்க வூட்டுக் கதை, அதை உடுங்க. உங்க பொண்ணை அந்தக் கோழிப்பண்ணைக்குக் குடுக்கறதா வேண்டாமான்னு நீங்களே யோசிங்க. அப்பன் பொண்டாட்டி பேச்சைக் கேக்கறவன். ஆத்தா வராத மருமவளுக்குப் பயந்துட்டுக் கெடக்கறவ. பையன் டீ போடறவன். மாடியில்லை, மேடையில்லை. இதுக்கு மேல நான் என்ன சொல்றது? நான் சொன்னன்னு மட்டும் அங்க சொல்லிடாதீங்க.

என்னங்க?

இல்லீங்க, சரியாச் சொல்லுங்க. பூபதிக்கு இல்லீங்களா?

எங்க யுவராஜுக்கா? எங்க யுவராஜைப் பாக்கவா வந்திருக்கீங்க?

அட, இதை வந்தவுடனே சொல்லியிருக்கலாமில்லீங்களா? நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கறன், நீங்க பாட்டுக்குக் கேட்டுட்டே இருக்கீங்க. ஆமா, நாந்தான் உடலை. சரி, சரி. அப்படின்னா எதுத்த வூட்டுக்கு எதுக்குப் போனீங்க? எங்களைப் பத்தி விசாரிக்கவா? போச்சு. நான் சொன்னனுல்லீங்களா, போச்சு. அவ என்னென்ன சொன்னாளோ. எதையும் மனசுல வெச்சுக்காதீங்க அக்கா, அவ சொன்னது அத்தனையும் பொய்யி.

என்ன சொன்னா?

அப்படியா சொன்னா? 'பையன் தங்கம், கண்ணை மூடிட்டுக் குடுங்க'ன்னா? பேபியா?

'எங்க அக்கா பலாப்பழமாட்டம், மேலதான் முள்ளு, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாங்க, வர்ற புள்ளையைத் தாங்குவாங்க'ன்னு அவ சொன்னாளா? உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னாளா, வர்றவங்க எல்லாருகிட்டயுமா?

எல்லாருகிட்டயும் அப்படித்தான் சொல்லுவாளாமா. உங்களுக்கு ஆரு சொன்னது? தாராவரத்துக்காரங்களா? அவங்க உங்களுக்குச் சொந்தமா? அவங்க அப்படியா சொன்னாங்க, 'எதுத்த வூட்டு அம்மா நல்லபடியாத்தான் சொன்னாங்க, நாங்கதான் நேர்ல போயிப் பாத்துட்டு வேண்டாம்னுட்டம்'னு?

அதான் நீங்களும் நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தீங்களா?

இருங்க, எந்திரிக்காதீங்க. ஒரு நிமிசம். எனக்கு ஒண்ணு மட்டும் புரிய மாட்டேங்குதுங்க. எனக்கு நல்ல பேரு குடுக்கறதுக்கு இவ ஆரு? நான் இவகிட்டக் கேட்டனா? முள்ளுன்னு சொல்லியிருக்கறா பாருங்க. தங்கம்னு சொல்றப்பவே ஊடால முள்ளைச் செருகறா. அதுல இருக்குது சூது. நல்லவளாட்டம் சொல்லிச் சொல்லியே நம்மளைக் கெட்டவளாக் காட்டறது. உங்களுக்கு அது புரியலீங்களா? உங்களை மாதிரி வெவரமானவங்களுக்கே புரியலைன்னா நான் எங்க போயி முட்டிக்கறது?

அக்கா, மோரை வெச்சுட்டு எங்க போறீங்க? மாடியைப் பாக்காமப் போறீங்களே. வாங்க, ஏறிப் பாத்துட்டுப் போங்க. வெங்காயத்தை இன்னிக்கே எறக்கிடறன். நான் முன்னால என்னென்னமோ பேசினன், அதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தானுங்க. குழாய் என்னங்க குழாய், ஒரே நாளு வேலை. சிங்க் வெச்சுக்கலாம். அடுப்புக்கூட வெச்சுக்கட்டும், நான் வாய் தொறக்க மாட்டன். கட்டிலை வேணும்னா நாளைக்கே பின் ரூமுக்குத் தூக்கிப் போட்டுடறன். பொண்ணு பேரு என்னன்னுகூட நான் கேக்கலை பாருங்க. என்ன படிச்சிருக்குது? வேலைக்குப் போவுதா? போவட்டும், போவட்டும், நல்லதுதான். எங்க பையன் நல்ல பையனுங்க அக்கா. என்னைய உட்டுட்டு அவனைப் பாருங்க. சாயந்தரம் வந்துருவான், ஒரு வார்த்தை அவங்கிட்டப் பேசிட்டுப் போங்க.

பூக் கேட்டுச் சொல்றீங்களா? வேண்டாமுங்க, பூவெல்லாம் கேக்க வேண்டாம். சாமியை எதுக்கு இதுல இழுக்கறீங்க? நீங்களே உங்க வாயால சொல்லிட்டுப் போங்க.

சரிங்க. பாத்துப் போங்க, வாசப்படி ஒசரம்.

அக்கா, பஸ்ஸுக்கு இந்தப் பக்கமுங்க. இடது கைப்பக்கம் திரும்பிப் போனா நேரா ரோடுதான். அக்கா, உங்களைத்தானுங்க. தடத்தைத் தாண்டிப் போறீங்களே, அந்தப் பக்கம் வழியில்லீங்க. அந்தப் பக்கம் அவங்க வூடு மட்டுந்தானுங்க இருக்குது.